எடைக்குப் போடுவதற்கு முன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சில வாரங்களுக்கு முன் உங்கள் நாளிதழில் பழைய கார்களின் அணிவகுப்பு பற்றிப் படங்களோடு செய்தி வந்திருந்தது. மூன்று முறை படித்தேன், படங்களைக் கண்ணாடி வைத்துப் பார்த்தேன். எல்லாம் அருமையான வண்டிகள்தான். ஆனால் நான் தேடுவது அந்த வண்டிகளுக்கெல்லாம் தாத்தா. பதினொரு வருடமாகத் தேடுகிறேன். முழுக் காரைக்கூடக் கேட்கவில்லை, ஒரு இன்ஜின் போதும். ஒற்றை சிலிண்டர், நிற்கவைத்தால் முழங்கால் உயரம்கூட வராது. பெயர் டி டியோன் பூட்டான், பிரான்ஸ் நாட்டுச் சரக்கு. புதுச்சேரியில் இருக்கும் என் சகலை 'த தியோன் பூத்தோன்' என்று சொல்ல வேண்டும் என்கிறார். எப்படிச் சொன்னாலும் சரி, அது நம் செட்டிநாட்டில் எங்காவது ஒரு கொட்டகையில், ஒரு பம்புசெட் அறையில், விறகுக்கு அடியில் இன்னும் கிடக்கிறது என்று நம்புகிறேன். உங்கள் வாசகர்களின் உதவி வேண்டும். அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் காரைக்குடியில் நாற்பது வருடத்துக்கு மேல் புல்லட் மெக்கானிக்காக வேலை பார்த்தவன். முட்டியில் பலம் போனதும் பட்டறையை மகனிடம் விட்டுவிட்டேன். இந்தத் தேடல் எப்படித் தொடங்கியது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1977இல் எனக்குப் பதினேழு வயது. மேஸ்திரியிடம் எடுபிடியாகச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. தேவகோட்டை ரஸ்தா பக்கம் ஒரு காயலான் கடை உண்டு. அங்கே ஒரு பெரிய வீட்டை ஒழித்த சாமான்கள் மாட்டுவண்டியில் வந்து இறங்கியிருந்தன. அதில் ஒரு சின்ன இன்ஜின். இரும்பு தனியாக, அலுமினியம் தனியாகப் பிரித்தால்தான் விலை. கடைக்காரர் எங்கள் பட்டறைக்கு ஆள் அனுப்பினார், மேஸ்திரி என்னை அனுப்பினார். போல்ட்டுகள் எல்லாம் இறுகிக் கிடந்தன. ஸ்பேனர் போட்டுப் பார்த்தேன், அசையவில்லை. 'எதுக்குடா கஷ்டப்படுறே, உடைச்சிரு' என்றார் கடைக்காரர். சம்மட்டியால் ஏழெட்டு அடி. அலுமினிய உடம்பு ஓடு ஓடாகப் பிளந்தது. உள்ளேயிருந்து இரண்டு இரும்புச் சக்கரங்கள் உருண்டு வந்தன, நடுவே பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராட். எனக்கு இரண்டு ரூபாயும் ஒரு டீயும் கிடைத்தன.

அந்த இரண்டு சக்கரங்களில் ஒன்றை மேஸ்திரிக்காக வாங்கி வந்தேன். புஷ் அடிக்க, பேரிங் இறக்க அடிக்கட்டையாகப் பட்டறையில் கிடந்தது. மேஸ்திரி காலமான பிறகு என் பட்டறைக்கு வந்தது. முப்பத்தேழு வருடம் அதன் மேல் வைத்துத்தான் அடித்தேன், என்னவென்று தெரியாமலே.

2014 நவம்பரில் மகன் அவன் போனில் ஒரு வீடியோ காட்டினான். இங்கிலாந்தில் வருடா வருடம் நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை லண்டனிலிருந்து பிரைட்டனுக்குப் பழைய வண்டிகளை ஓட்டிப் போகிறார்கள். 1905 பிறப்பதற்கு முன் செய்த வண்டிகளுக்கு மட்டும்தான் அதில் இடம். அதற்காகத் தன் வண்டியைத் தயார் செய்யும் ஒருவர், கொட்டகையில் உட்கார்ந்து இன்ஜினைப் பிரிக்கிறார். இரண்டு பாதியாகத் திறக்கும் அலுமினிய உடம்பு. உள்ளே இரண்டு சக்கரம், நடுவே ராட். பக்கத்தில் ஒரு சின்னப் பல்சக்கரம், அதன் முனையில் ஒரு பள்ளம் வெட்டிய கேம் (சுற்றும்போது மேலே படுவதை ஏற்றி இறக்கும் வட்டு), அதன் மேல் ஒரு தகடு. அந்தத் தகட்டைப் பார்த்ததும் எனக்குக் கை நடுங்கியது. அதே தகட்டை நான் ரஸ்தாவில் பிடுங்கி எறிந்திருக்கிறேன். எழுந்து போய் அடிக்கட்டையை எடுத்து, டீசலில் கழுவி, படம் எடுத்து, மகன் மூலம் வெளிநாட்டில் அந்த வண்டி வைத்திருப்பவர்கள் சிலருக்கு அனுப்பினேன். பார்த்தவர்கள் டி டியோன் சக்கரம்தான் என்றார்கள். 'மிச்சம் எங்கே?' என்றும் கேட்டார்கள். பதில் எழுத எனக்கு நான்கு நாள் பிடித்தது.

அந்த இன்ஜினின் மதிப்பு என்னவென்று புல்லட் ஓட்டுகிறவர்களுக்குச் சொன்னால் சட்டென்று விளங்கும். உங்கள் புல்லட்டின் கிராங்க்கைப் பிரித்தால் என்ன வரும்? இரண்டு ஃபிளைவீல், அதாவது கனமான சக்கரம், நடுவே ஒரு பின், அதில் ராட். எல்லாம் அலுமினிய கேஸுக்குள் அடக்கம். கேஸ் இடது, வலது என இரண்டு பாதி. 1890களிலேயே டி டியோன் இன்ஜினில் இந்த அமைப்பு இருந்தது. இன்னும் ஒன்று. ராயல் என்ஃபீல்டு கம்பெனி இங்கிலாந்தில் ரெடிச் என்ற ஊரில் சைக்கிள் செய்துகொண்டிருந்த காலத்தில், முதன்முதலாக இன்ஜின் வைத்து ஒரு நாலு சக்கர வண்டி செய்தார்கள். அதில் பொருத்தியது ஒன்றரைக் குதிரைசக்தி டி டியோன் இன்ஜின். அந்த என்ஃபீல்டுதான் 1955இல் நம் சென்னைக்கு வந்து, திருவொற்றியூரில் புல்லட் செய்தது. வாழ்நாள் முழுக்க எனக்குச் சோறு போட்ட இன்ஜினின் மூதாதையைத்தான் பதினேழு வயதில் சம்மட்டியால் அடித்திருக்கிறேன்.

செய்தவர்களைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். டி டியோன் பெரிய பிரபுக் குடும்பத்துப் பிள்ளை. 1881இல் பாரீஸில் ஒரு கடையில் பொம்மை ரயில் இன்ஜினைப் பார்த்து, 'இதைச் செய்தது யார்?' என்று கேட்டிருக்கிறார். பூட்டான் என்பவரும் அவருடைய மச்சான் திரெபார்டோவும் என்று பதில் வந்தது. இரண்டு பேரையும் கூட்டிவந்து நீராவி வண்டி செய்ய ஆரம்பித்தார். பிற்பாடு பெட்ரோல் இன்ஜின் பக்கம் போகலாம் என்று பேச்சு வந்தபோது, நீராவியைத் தவிர வேறு எதையும் தொட மாட்டேன் என்று திரெபார்டோ 1894இல் விலகிவிட்டார். மறு வருடம் பூட்டானின் பெட்ரோல் இன்ஜின் வந்தது. 137 சிசி. நம் காலத்து டிவிஎஸ் மொபெட்டைப் போல இரண்டு மூன்று மடங்கு, அவ்வளவுதான்.

ஆனால் அது சுற்றிய வேகத்தைக் கேளுங்கள். அந்தக் காலத்தில் மற்றவர்களின் இன்ஜின்கள் நிமிடத்துக்கு அறுநூறு, எழுநூறு சுற்று சுற்றினால் பெரிய விஷயம். இது 1,500ஐச் சாதாரணமாகத் தாண்டியது. காரணம் நெருப்பு வைத்த விதம். மற்றவர்கள் பலர் சிலிண்டர் பக்கத்தில் ஒரு குழாயைப் பழுக்கக் காய்ச்சி, அந்தச் சூட்டில் பெட்ரோல் ஆவியைப் பற்றவைத்தார்கள். அது எப்போது பற்றும் என்று கணக்கே கிடையாது. பூட்டான் பேட்டரி, காயில், கேம் மேல் ஒரு தகடு என்று வைத்தார். கேமில் உள்ள பள்ளத்தில் தகடு விழுந்து எழும்போது கரண்ட் விட்டு விட்டுப் பாயும், சரியான நேரத்துக்குப் பொறி விழும். டைமிங்கை முன்னே பின்னே தள்ளியே வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாம். நாங்கள் புல்லட்டில் வருடக்கணக்காக உப்புத்தாள் போட்டுத் தேய்த்த பாயிண்ட் செட்டுக்கு ஆதி அதுதான். அந்தப் பொறியை நினைத்தால் எனக்கு இப்போதும் மயிர் கூச்செறிகிறது.

இன்லெட் வால்வும் விசேஷம். அதைத் திறக்க ராட், ராக்கர் எதுவும் கிடையாது. பிஸ்டன் கீழே இறங்கும்போது ஏற்படும் உறிஞ்சலே வால்வைத் திறந்துவிடும், மெல்லிய ஸ்பிரிங் ஒன்று மூடிவிடும். எக்ஸாஸ்ட் வால்வுக்கு மட்டும்தான் கேம். எண்ணெய்க்கு ஓட்டுகிறவர் அவ்வப்போது கையால் ஒரு பம்பை அழுத்திவிட வேண்டும். இவ்வளவு எளிமை என்பதால்தான் ஊர் உலகமெல்லாம் இதை வாங்கியது. ரெனோ கார் கம்பெனியின் லூயி ரெனோ 1898இல் செய்த முதல் காரில் இருந்தது இந்த இன்ஜின்தான். பிரேசில் நாட்டு விமானி சாந்தோஸ் டூமோன் பாரீஸ் வானத்தில் பறந்த முதல் ஆகாயக் கப்பலுக்கும் இதைத்தான் மாற்றிப் பொருத்தினார். 1900ஆம் வருடத்தில் மட்டும் 400 காரும் 3,200 இன்ஜினும் செய்திருக்கிறார்கள். அன்றைக்கு உலகத்திலேயே பெரிய கார் கம்பெனி அது.

நம் ஊருக்கும் வந்தது. சென்னையில் முதன்முதலாகக் கார் வாங்கிய இந்தியர் நம்பெருமாள் செட்டியார் என்பார்கள். எழும்பூர் மியூசியம் வளாகத்தில் சிவப்புக் கல்லில் நிற்கிறதே விக்டோரியா நினைவு மண்டபம், அதைக் கட்டிய ஒப்பந்தக்காரர். அவர் வாங்கியது டி டியோன் கார். பதிவு எண் எம்.சி.3. அந்த மண்டபத்தைப் பார்க்கப் போகிறவர்கள் பலர் உண்டு. அதைக் கட்டியவர் எந்த வண்டியில் வந்து இறங்கினார் என்று யாரும் கேட்பதில்லை. நான் போன தடவை போனபோது வாசலில் நின்று அந்த ஒற்றைச் சிலிண்டர் சத்தத்தை மனதுக்குள் போட்டுப் பார்த்தேன்.

சரி, செட்டிநாட்டுக்கு வருகிறேன். 2014இலிருந்து கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர், ராயவரம் என்று ஒரு ஊர் விடவில்லை. பழைய இன்ஜின் இருக்கிறது என்று யார் சொன்னாலும் பஸ் ஏறிவிடுவேன். போய்ப் பார்த்தால் லிஸ்டர், பெட்டர், ரஸ்டன், இல்லாவிட்டால் கிர்லோஸ்கர், எல்லாம் பம்புசெட் இன்ஜின். அவையும் நல்ல இன்ஜின்கள்தான், அவற்றுக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வருவேன். ஒரு வீட்டில் பித்தளைக் கார்பைட் விளக்கு ஒன்று கிடைத்தது. இன்னொரு வீட்டில் ரப்பர் போன ஊதுகுழல். ஒரு வீட்டில் ஆச்சி ஒருவர் என்னை உட்காரவைத்து மோர் கொடுத்துவிட்டு, 'எங்க ஐயா காலத்துல மோட்டார் இருந்துச்சு. அதைக் கண்டு மாடு மிரளுதுன்னு ஊர்க்காரங்க சண்டைக்கு வந்தாகளாம்' என்று சொன்னார். மோட்டார் எங்கே போனது என்று அவருக்குத் தெரியவில்லை.

நல்ல துப்பு கிடைத்தது ஒரு பேரேட்டில். செட்டிநாட்டு வீட்டுக் கணக்கு எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும், கால் அணா தப்பாது. ஒரு வீட்டில் பழைய பேரேடுகளைத் தூசி தட்டி அடுக்கிக் கொடுக்க உதவினேன். அதற்குக் கூலியாகப் படித்துப் பார்க்க விட்டார்கள். ஒரு பக்கத்தில் 'மோட்டார் வண்டி இன்ஜினைக் கழற்றித் தோப்புக்கு அனுப்பிய வகையில் வண்டிக்கூலி' என்று ஒரு வரி. அதைப் படித்த பிறகுதான் என் புத்திக்கு உறைத்தது. நான் இத்தனை நாளும் கார் நின்ற கொட்டகைகளில் தேடிக்கொண்டிருந்தேன். வண்டி உடைந்து போன பிறகும் இன்ஜின் ஓடும். சும்மா விடுவார்களா? தண்ணீர் இறைக்க, கரும்பு ஆட்ட, டைனமோ சுற்ற எடுத்துப் போயிருப்பார்கள். டி டியோன் கம்பெனியே காருக்கு மட்டும் அல்லாமல், நிறுத்திவைத்து ஓட்டவும் இன்ஜின் செய்து விற்றது. அப்புறம்தான் தோப்புகள் பக்கம் திரும்பினேன்.

இதற்கு நடுவே ஒரு பெரிய வருத்தம். வருடத்துக்கு வருடம் செட்டிநாட்டில் வீடுகள் இடிபடுகின்றன. பங்காளிகள் நாற்பது பேர் நாற்பது ஊரில் இருக்கும்போது ஓடு மாற்றக்கூட ஆள் இல்லை, அது எனக்குப் புரிகிறது. பர்மாத் தேக்குத் தூணுக்கு விலை உண்டு, நிலைக்கதவுக்கு விலை உண்டு, எனாமல் தூக்குவாளிக்கும் பழைய பீங்கான் ஜாடிக்கும் விலை உண்டு. முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளில் போய்ப் பாருங்கள், ஒரு சின்ன மரக் கரண்டிக்குக்கூட விலைச்சீட்டு தொங்கும். இன்ஜினைக் கண்டால் மட்டும் எல்லோரும் தராசைத் தேடுகிறார்கள். அலுமினியம் கிலோ இவ்வளவு, வார்ப்பிரும்பு கிலோ இவ்வளவு. மரத்தில் கைவேலை செய்தவனுக்கு இருக்கும் மரியாதை, இரும்பில் கைவேலை செய்தவனுக்கு ஏன் இல்லை? நான் இதை யாரையும் குற்றம் சொல்ல எழுதவில்லை. சம்மட்டியைப் பிடித்தவன் நானே.

வாசகர்கள் யாராவது தங்கள் வீட்டில், தோப்பில், சொந்தக்காரர் வயலில் ஒரு பழைய சின்ன இன்ஜினைக் கண்டால், இப்படிப் பாருங்கள். பம்புசெட் இன்ஜின் என்றால் வெளியே ஒரு பெரிய சக்கரமோ இரண்டு சக்கரமோ இருக்கும், உடம்பு முழுக்க இரும்பு, தூக்க நாலு ஆள் வேண்டும். நான் தேடுவதில் வெளியே பெரிய சக்கரம் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை, சக்கரங்கள் உள்ளே. அடி உடம்பு துருப்பிடிக்காத சாம்பல் வெள்ளை, உருண்டையாக ஒரு பெரிய டப்பா மாதிரி, நடுவில் செங்குத்தாக ஒரு கோடு. அந்தக் கோட்டில்தான் இரண்டு பாதியும் சேர்கின்றன. அதன் மேல் ஒரே ஒரு சிலிண்டர் நேராக நிற்கும். சிலிண்டரின் பக்கவாட்டில் ஒரு புடைப்பு, அதில் ஒரு வால்வுக்கு மேலே இன்னொரு வால்வு. மேல் வால்வை விரலால் அழுத்தினாலே இறங்கினால், உடனே கையை எடுத்துவிட்டு ஒரு படம் எடுங்கள். பிறகு கேஸில் எண் அடித்திருக்கிறதா என்று துணியால் மெதுவாகத் துடைத்துப் பாருங்கள். கம்பி பிரஷ் வேண்டாம்.

இறுகியிருந்தால் வற்புறுத்தித் திருப்பாதீர்கள். பிளக் ஓட்டை வழியாகக் கொஞ்சம் டீசலை ஊற்றி, வாயைத் துணியால் அடைத்து அப்படியே விட்டுவிடுங்கள். வெல்டிங் கடைக்குக் கொண்டுபோய் நெருப்புக் காட்ட வேண்டாம். நூறு வருடத்துக்கு மேற்பட்ட அலுமினியம் அதைத் தாங்காது. வால்வு, ஸ்பிரிங், தகடு என்று ஏதாவது தனியாகக் கிடந்தால் அதையும் ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். முழு இன்ஜின்தான் வேண்டும் என்பதில்லை. பாதி கேஸ் கிடைத்தாலும் எனக்குத் தீபாவளிதான்.

காயலான் கடை வைத்திருக்கும் சகோதரர்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். உங்கள் தொழில் கஷ்டம் எனக்குத் தெரியும். அப்படி ஒன்று வந்தால் உடைக்காமல் ஒரு வாரம் வைத்திருங்கள். எடைக்கு என்ன விலையோ அதைப்போல மூன்று மடங்கு நான் தருகிறேன். வண்டிச் சத்தமும் என்னுடையது. ஆசிரியர் அவர்கள் அனுமதித்தால், உங்கள் அலுவலகத்துக்கு வரும் கடிதங்களை வாரம் ஒருமுறை நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.

சிலர் என்னிடம் நேராகவே கேட்கிறார்கள், 'வாங்கி வெளிநாட்டுக்காரனுக்கு விற்கப் போறீங்களா?' என்று. இல்லை. நூறு வருடம் தாண்டிய பழம்பொருளை அனுமதியில்லாமல் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது என்று 1972ஆம் வருடத்துச் சட்டமே இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் செய்ய மாட்டேன். வீட்டுக்காரர்கள் கொடுக்க மனமில்லை என்றால் வைத்துக்கொள்ளட்டும், சுத்தம் செய்து, எண்ணெய் போட்டு, ஒரு மரப் பலகையில் ஏற்றிக் கொடுத்துவிட்டு வருகிறேன், கூலி வேண்டாம். கொடுக்கிறேன் என்றால் புதுக்கோட்டை அரசு மியூசியத்துக்கோ எழும்பூருக்கோ வீட்டின் பெயரோடு போகட்டும். நம் ஐடிஐ-யில் மோட்டார் மெக்கானிக் படிக்கும் பிள்ளைகள் வந்து அந்தத் தகட்டையும் பள்ளத்தையும் கண்ணால் பார்க்க வேண்டும். இன்றைக்கு எல்லாம் கம்ப்யூட்டர் பெட்டிக்குள் போய்விட்டது. பொறி எப்படி நேரத்துக்கு விழுகிறது என்று கையில் தொட்டுக் காட்ட வேறு என்ன இருக்கிறது?

கடிதத்தை முடிக்கும் நேரத்தில் ஒரு செய்தி வந்திருக்கிறது. பேரேட்டில் சொன்ன தோப்பு எது என்று அந்த வீட்டுப் பெரியவர் ஒருவர் சிங்கப்பூரிலிருந்து போனில் சொன்னார். திருமயம் போகும் வழியில், இப்போது வேறொருவர் கையில் இருக்கிறது. கிணற்றைத் தூர்த்துவிட்டார்களாம். கிணற்றடியில் இருந்த ஓட்டு அறை மட்டும் அப்படியே நிற்கிறதாம், உள்ளே மட்டையும் பன்னாடையும் அடைத்துக் கிடக்கிறதாம். வரும் வியாழக்கிழமை மகனைக் கூட்டிக்கொண்டு போகிறேன். ஒரு லிட்டர் டீசல், துணி, டார்ச், ஒரு ஸ்பேனர் செட் எடுத்து வைத்திருக்கிறேன். அந்த அடிக்கட்டைச் சக்கரத்தையும் துடைத்து, கோணிப்பையில் சுற்றி வைத்துவிட்டேன். உள்ளே ஏதாவது இருந்தால் ஒத்துப் பார்க்க வேண்டுமே.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
புல்லட் மெக்கானிக் (ஓய்வு), காரைக்குடி